முதலை வாசலும் டெல்ப்ட் வாசலும்

எமது மன்றத்து இளைஞர் ஒருவர் கொரியா தேசத்தில் நான்கு ஆண்டுகள் தொழில் புரிந்து, சென்ற மார்கழியில் ஊர் திரும்பினார். இக்காலத்தில் நம் நாட்டு வாலிபர் பலர் கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்குள்ள ஆலைகளுக்குச் செல்வதை யாவரும் அறிவர். திருவெம்பாவைப் பூசை முடிந்து நாம் மண்டபத்திற் கூடியிருந்த வேளையில், அவர் தமது கைத்தொலைபேசியிற் பதித்து வந்த படங்களைக் காட்டினார். பனி மூடிய தெரு, ஆலை, தங்கியிருந்த அறை என்று பல படங்கள் கடந்து சென்றன. ஒரு படத்தில் மட்டும் எல்லோர் கண்ணும் நின்றது. வானளாவிய கண்ணாடி மாளிகைகள் நாற்புறமும் சூழ, மோட்டார் வண்டிகள் இடையறாது ஓடும் பெருந்தெருவின் நடுவே, கல்லாலான அடித்தளத்தின்மேல் இரண்டு நிலை ஓட்டுக் கூரையுடன் பழைய கட்டடமொன்று வீற்றிருந்தது.

"இஃது எந்தத் தெய்வத்தின் கோயில்?" என்று பெரியவர் ஒருவர் வினவினார்.

"கோயில் அல்ல ஐயா, நகரத்தின் வாசல்" என்றார் இளைஞர்.

சியோல் நகரத்தின் அத்தெற்கு வாசலுக்குச் சுங்நியேமுன் என்பது பெயர். சோசன் வமிசத்தை நிறுவிய தேஜோ என்னும் அரசன் தன் புதிய தலைநகரைச் சுற்றி ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளமுள்ள மதிலை எழுப்பி, அதில் அமைத்த வாசல்களுள் தலையாயது அது. 1398ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்றது. 1907இல் ஜப்பானிய இளவரசரின் வருகையையொட்டி இரு புறத்து மதிலும் இடிக்கப்படவே, வாசல் மட்டும் தெரு நடுவிற் தீவுபோல் எஞ்சிற்று. 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் இரவு, தமது காணிக்குக் கிடைத்த நட்டஈடு போதாதென்று சினங்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதற்குத் தீ வைத்துவிட்டார். அறுநூறு ஆண்டு நின்ற வாசலின் மரத்தாலான மேற்கட்டடத்திற் பெரும்பகுதி ஓர் இரவிலே சாம்பராயிற்று. கல்லடித்தளம் பிழைத்தது. வாசலின் பெயர் பொறித்த பலகையைத் தீயணைப்போர் கீழே தள்ளிக் காப்பாற்றினர். மறுநாள் காலையில் மக்கள் திரண்டு வந்து வேலியருகே நின்று அழுதனர்.

பின்னர் மரபுவழித் தச்சரையும் கற்தச்சரையும் ஓடு சுடுவோரையும் கூட்டி, பழைய முறையிலேயே அதனை மீண்டும் எடுத்து, 2013ஆம் ஆண்டு மே மாதத்திற் திறந்தனர். ஜப்பானியர் காலத்தில் இடிபட்ட மதிலிலும் ஒரு சிறு பகுதியை இரு மருங்கும் சேர்த்துக் கட்டினர். ஆனால் திறந்து சில மாதங்களுக்குள் மேலே தீட்டிய வர்ணம் உரியத் தொடங்கிற்று. பழைய பசைக்குப் பதிலாகச் செயற்கைப் பசையைக் கலந்துவிட்ட மோசடி வெளிப்பட்டு, விவகாரம் நீதிமன்றம்வரை சென்றது. கும்பாபிஷேக காலங்களில் வர்ணவேலைக்காரரோடு மல்லாடிய அனுபவமுள்ள எமது பெரியவர்கள் இதனைக் கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டனர்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்த பாடசாலை மாணவன் ஒருவன், "எங்கள் ஊருக்கு வாசல் இருந்ததா?" என்று கேட்டான். அக்கேள்விக்கு எவரும் உடனே விடையிறுக்கவில்லை. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் இடமொன்றின் பெயரே வாசல் என்பது, சற்றுப் பொறுத்தே எமக்கு நினைவுக்கு வந்தது. கெய்மன்ஸ் கேட் என்று பஸ்ஸில் எத்தனை முறை கூவக் கேட்டிருக்கிறோம்! அதனை ஓர் இடப்பெயராகக் கொண்டோமேயன்றி, அங்கே ஒரு கதவு இருந்தது என்றும், அஃது இரவில் மூடப்பட்டது என்றும், மூடப்பட்ட கதவுக்கு எப்புறத்தில் நம்மவர் நின்றனர் என்றும் நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

ஆகவே, சென்ற மாசி மாதத்துப் பூரணை விடுமுறை நாளன்று, இளைஞரும் பெரியோருமாகப் பதினான்கு பேர், கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் சந்நிதியில் வழிபட்டுக் காலை ஏழு மணியளவிற் கால்நடையாகப் புறப்பட்டோம். பொன்னம்பல முதலியார் தொடக்கிய அக்கோயிலை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லால் எடுப்பித்த வரலாறு எமது மலரிற் பல முறை எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்கவில்லை.

வுல்பெண்டால் மேட்டில் ஒல்லாந்தரின் பெரிய தேவாலயம் நிற்கிறது. 1749இற் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தின் சுவர்த் தடிப்பைக் கண்டு இளைஞர்கள் வியந்தனர். வுல்பெண்டால் என்னும் சொல்லுக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? அங்கே ஊளையிட்ட நரிகளைத் தம் நாட்டு ஓநாய் என மயங்கி ஐரோப்பியர் இட்ட பெயரென்பர். அம்மேட்டிலிருந்து இறங்கி, ஐந்துலாம்புச் சந்தியின் அயலே, பிரதான வீதி தொடங்கும் இடத்துக்கு வந்தால் முதலை வாசல். கெய்மன் என்பது முதலையைக் குறிக்கும் சொல். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஐரோப்பியர் மொழிகளிற் புகுந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தது. வாவியிலும் அதனைச் சார்ந்த நீர்நிலைகளிலும் முதலைகள் கிடந்து வாசலடிவரை வந்தன என்பது வழிவழிச் செய்தி. ஆக, நகரத்தின் கீழ்ப்புறத்தில், நம் கொட்டாஞ்சேனைப் பக்கமாக, ஓநாயும் முதலையும் காவல் நின்றன என்று ஓர் இளைஞர் நகையாடினார். அந்நகையில் உண்மை இல்லாமலில்லை.

வாசல் இன்றில்லை. தெருவோரத்திலே தனித்து நிற்கும் மணிக்கோபுரம் ஒன்றே அதன் எச்சம். மற்றைய நாட்களிற் கைவண்டிகளும் லொறிகளும் நாட்டாண்மைமார் தலையிற் சுமந்த மூட்டைகளும் நெருங்குவதால் அதனை நின்று நோக்க முடிவதில்லை. பூரணையாதலாற் கடைகள் பல பூட்டியிருந்தன. கிட்டிய தூரத்தில் 1873ஆம் ஆண்டுப் பழைய நகர மண்டபம் தெளிவாய்த் தெரிந்தது. நாம் முதன்முறையாக அம்மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம்.

அதற்குரிய மணியின் கதை கேட்கத்தக்கது. கோட்டே இராசதானியிற் பறங்கியர் கட்டிய புனித பிரான்சிஸ் தேவாலயத்து மணி அது. கோட்டே மன்னன் தர்மபாலன் 1557இற் கத்தோலிக்கனாகி, 1565இற் தன் தலைநகரைக் கைவிட்டுப் பறங்கியரின் கொழும்புக்குள் ஒதுங்கினான். கோட்டே காடு பற்றிற்று. பாழிடையிற் கிடந்த மணியைப் பின்னாளிற் கண்டெடுத்து, ஒல்லாந்தர் இந்த வாசலில் தூக்கினர். கத்தோலிக்கரை வழிபாட்டுக்கு அழைப்பதற்காக வார்த்த மணி, அவர்களை வெறுத்த ஒல்லாந்தத் திருச்சபையாரை வுல்பெண்டால் மேட்டுக்கு அழைத்தது. அம்மட்டோ? இரவிற் சாராயக் கடைகளை மூடி விளக்கணைக்கும் நேரத்தையும் அதுவே அறிவித்தது. நாக்கு ஒன்றாயினும் எசமானர் மாறியபோதெல்லாம் அது வேறு வேறு செய்தி சொல்ல வேண்டியதாயிற்று.

கொரியா சென்று வந்த இளைஞர் இவ்விடத்தில் ஒரு செய்தி கூறினார். சியோல் நகரின் நடுவே பொசின்காக் என்னும் மணிமண்டபம் உண்டு. முற்காலத்தில் இரவு பத்து மணியளவில் அதனை 28 முறை அடிப்பர். நகரத்து வாசல்கள் யாவும் மூடப்படும். விடியுமுன் நான்கு மணியளவில் 33 முறை அடிப்பர். வாசல்கள் திறக்கும். 28 என்பது வானத்து நட்சத்திர மண்டலங்களின் தொகை. 33 என்பது இந்திரனுடைய தேவலோகத்தைக் குறிக்கும் எண். பௌத்தத்தோடு பாரதநாட்டிலிருந்து சென்று சேர்ந்த எண்ணம் அது. நாம் நட்சத்திரம் 27 என்போம். அபிசித்தையும் கூட்டினால் 28 ஆகும். தேவரை முப்பத்து மூவர் என்று நம் முன்னோர் தொகுத்துரைத்ததும் நினைவுக்கு வந்தது. கடல் பல கடந்த தேசமொன்றின் வாசற்கதவு முப்பத்து மூவரின் எண்ணைக் கேட்டே திறந்தது என்பதைக் கேட்டுப் பெரியவர்கள் பெரிதும் மகிழ்ந்தனர்.

இரவிற் கதவை அடைத்து ஊரை ஒடுக்குவதற்குத் தமிழில் ஊரடங்கு என்ற நல்ல சொல் உண்டு. அச்சொல் நமக்குப் புதியதன்று. 1958இலும் 1983இலும் ஊரடங்கு எதனைத் தொடர்ந்து வந்தது என்பதைக் கொட்டாஞ்சேனைப் பெரியோர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2020இல் நோய்க் காலத்து ஊரடங்கை இளைஞரும் கண்டனர். அது வேறு வகை.

இனி, வாசலுக்கு உள்ளே இருந்தவர் யார், வெளியே இருந்தவர் யார் என்பதைப் பார்ப்போம். 1655இல் ஒல்லாந்தர் கொழும்பை முற்றுகையிட்டு, ஏழு மாத அளவிற் பசியாலும் பீரங்கியாலும் பறங்கியரை வாட்டி, 1656ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் நகரைக் கைப்பற்றினர். அவர்களோடு 1638இல் உடன்படிக்கை செய்து துணைநின்றவன் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன். வெற்றி கிடைத்ததும் ஒல்லாந்தர் செய்த முதற் காரியம், தம் துணைவனாகிய அவ்வரசனை நகருக்குள் விடாது வாசலை அடைத்ததேயாம்! சினந்த அரசன் சுற்றுப்புறத்து ஊர்களைப் பாழாக்கிக்கொண்டு மலைநாட்டுக்கு மீண்டான். கொழும்பு வாசல்களின் குணம் அன்றே தெரிந்துவிட்டது.

பிடித்த நகரை ஒல்லாந்தர் இரண்டாகப் பிரித்தனர். கடலோரமாகக் கொத்தளங்களுடன் கூடிய கோட்டை ஒன்று. அதற்குக் கிழக்கே பழைய நகரம் என்று அவர்கள் வழங்கிய பகுதி மற்றொன்று. அப்பழைய நகரமே புறக்கோட்டை. ஆங்கிலேயர் அதனைப் பெட்டா என்றனர். கோட்டைக்குப் புறத்தே வணிகர் வாழும் இடத்தைக் குறிக்கும் நம் பேட்டை என்ற தமிழ்ச் சொல்லை அவர்கள் இந்தியாவிலிருந்து எடுத்து வந்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. சிங்களவர் பிட்டகொட்டுவ என்பதும் புறக்கோட்டையே. மூன்று பெயரும் வெளியே என்றுதான் சொல்கின்றன. அந்த வெளிக்கும் ஒரு வாசல் வைத்து, அதற்கும் அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் இருந்தனர்.

ஒல்லாந்தர் சட்டப்படி, கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் சோனகரும், மலபாரிகள் என்று அவர்கள் குறித்த தமிழரும் வீடு காணி உடையராய் இருத்தலாகாது. வணிகத்துக்கு நம்மவர் வேண்டப்பட்டனர். குடியிருப்புக்கு வேண்டப்படவில்லை. 1796ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒல்லாந்தர் பெரும்போர் ஏதுமின்றி ஆங்கிலேயரிடம் கொழும்பை ஒப்படைத்தனர். கொடி மாறிற்று. தடை மாறவில்லை. 36 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1832இல், அது நீக்கப்பட்டது. இன்று செட்டியார் தெருவில் நகைக்கடைகள் நிரையாக ஒளிர்வதையும், அங்கிருந்து வேல் இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் செல்வதையும் காணும் நாம், இவையெல்லாம் முதலை வாசலின் அருகே நிகழ்கின்றன என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். எமக்குத் தோன்றுவது இது: கொழும்பிற் தமிழர் ஊன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையிலிருந்தன்று, இந்த மணிக்கோபுரத்தடியிலிருந்தே தொடங்கவேண்டும்.

பிரதான வீதியின் நீளத்துக்கும் நடந்தோம். பூட்டிய கடைகளின் முன்னே நடைபாதை வியாபாரிகள் சிலரே இருந்தனர். கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று தேத்தண்ணீர் அருந்தினோம். அக்கோபுரம் 1923இற் பார்சி வணிகக் குடும்பமொன்று தம் தந்தையின் நினைவாக எழுப்பியது. அதற்கு மேற்கே, இன்று பஸ் வண்டிகள் நெரியும் இடத்துக்கும் கோட்டைக்கும் இடையே, ஒல்லாந்தர் நாளில் வெறும் வெளியும் நீரோடும் அகழியும் இருந்தன. பகைவர் வந்தாற் பீரங்கிக்கு மறைப்பு இருத்தலாகாது என்பதற்காக அவ்விடத்தைத் திறந்து விட்டிருந்தனர். அகழியின் மேற் பாலம். பாலத்தின் முடிவில் டெல்ப்ட் வாசல்.

டெல்ப்ட் என்றதும், எம்முடன் வந்த இளைஞர் ஒருவர், "நெடுந்தீவுக்காரர் கட்டிய வாசலா?" என்று கேட்டார். அவர் தாய்வழி நெடுந்தீவு. எல்லோரும் சிரித்தோம். ஆயினும் கேள்வியிற் பிழையில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி ஆறு நகரங்களின் வணிக மன்றங்கள் ஒன்றுகூடி அமைந்தது. அம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ப்ட், றொட்டர்டாம், ஹோர்ன், எங்ஹைசன் என்பன அவை. தாம் சென்ற இடமெங்கும் அப்பெயர்களையே சூட்டினர். கொழும்புக் கோட்டையின் கொத்தளங்களுக்கும் அவற்றை இட்டனர். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் இட்டனர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க். அனலைதீவு றொட்டர்டாம். எழுவைதீவு ஹோர்ன். வேலணை லெய்டன். லெய்டன் கொம்பனி மன்றங்களில் ஒன்றன்றாயினும் கொத்தளப் பெயர்களில் அதுவும் உண்டு. இவற்றுள் டெல்ப்ட் ஒன்றே இன்றளவும் இரு இடத்திலும் நிலைத்தது. நெடுந்தீவு இளைஞர் தம் ஊர்ப் பெயர் பொறித்த வாசலைக் காணப் போகும் உற்சாகத்துடன் முன்னே நடந்தார்.

பழைய பிறிஸ்டல் தெரு, இன்று சேர் ராசிக் பரீத் மாவத்தை. அங்கே கொமர்ஷல் வங்கியின் தலைமையகத்தோடு ஒன்றி நிற்கிறது டெல்ப்ட் வாசல். தொல்பொருட் சின்னமாகப் பேணப்படும் அதனை இடித்தெறியாது, புதிய கட்டடம் தன்னுள் அணைத்துக் கொண்டிருக்கிறது. காவலாளியிடம் வணக்கம் கூறி, யாம் வந்த நோக்கத்தைச் சொன்னோம். விடுமுறை நாளிலே பதினான்கு பேர் சுவர் பார்க்க வந்திருக்கிறார்களே என்று அவர் சற்று வியந்தாரெனினும், இனிய முகத்துடன் இடம் விட்டார்.

சியோலின் படத்தைக் கண்டு வந்த கண்ணுக்கு இது சிறிது. ஓடு வேய்ந்த கூரையில்லை, வர்ணமில்லை. தடித்த சுவரும் அதன் நடுவே வளைந்த வழியும், அவ்வளவே. முதலிற் பார்த்தபோது இளைஞர் சிலரின் முகம் வாடியதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் சுவரின்மேற் கையை வைத்துச் சற்று நின்றபின் பேச்சு அடங்கிற்று. மேலே பல மாடி வங்கி. புறத்தே வாகன இரைச்சல். உள்ளே வளைவின் கீழ் மட்டும் ஒரு குளிர்ச்சி. அடைப்பதற்கென்றே கட்டப்பட்ட தடிப்பு அது என்பதைக் கை அறிந்தது.

இவ்வாசலை அணைத்திருந்த மதில் எங்கே? ஆங்கிலேயர் 1869இற் தொடங்கிக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்தனர். வணிகமும் துறைமுகமும் பெருகிய காலத்தில் மதில் இடையூறாயிற்று. அதற்கு முன்னரே மதுரையில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் கோட்டை மதிலை இடிப்பித்து வீதி சமைத்ததும், இடித்தவர்களின் பெயரிலேயே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் அங்கே விளங்குவதும் இதனோடு ஒப்பிடத்தக்கன. கொழும்பில் மதிலை இடிக்கத் தொடங்கிய அதே 1869ஆம் ஆண்டில், சியோலில் நகரத்தின் கிழக்கு வாசலைப் புதிதாக எடுத்துக் கட்டினர். அது இன்றும் நிற்கிறது. அவர்களுடைய மேற்கு வாசலோ 1915இல், ஜப்பானியர் ஆட்சியில், டிராம் வண்டிப் பாதைக்காக இடிக்கப்பட்டுப் போயிற்று. வாசல்களுக்கும் தலையெழுத்து உண்டு போலும்.

அந்த வளைவின் கீழ் நின்றபோதுதான் விவாதம் எழுந்தது. பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞர் ஒருவர் சற்று உரக்கவே சொன்னார்: "கொரியர் அழுதது தங்கள் அரசன் கட்டிய வாசலுக்காக. இதைக் கட்டியவன் அந்நியன். எங்களை வெளியே நிறுத்துவதற்குக் கட்டினான். இடிந்தால் இடியட்டும் என்று விடாமல் நாங்கள் ஏன் இதைப் பேண வேண்டும்?"

நல்ல கேள்வி. எம்மிற் சிலருக்கும் அவ்வெண்ணம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பற்றியும் இவ்வாறே பேசுவோர் உளர். அங்கே யுத்த காலத்திற் பெருஞ்சேதம் நேர்ந்தது. 1706ஆம் ஆண்டுத் தேவாலயமும் அதில் அழிந்தது. யுத்தம் முடிந்தபின் நெதர்லாந்து நாட்டின் உதவியோடு மதிலைத் திருத்தத் தொடங்கியபோது, அந்நியன் கோட்டைக்கு ஏன் இத்தனை செலவு என்று கேட்டவர்கள் நம்மவரே.

விடை சொன்னவர் எமது மன்றத்தின் மூத்தோருள் ஒருவர். வடமராட்சியிற் பிறந்து, அரைநூற்றாண்டாகக் கொட்டாஞ்சேனையில் வாழ்பவர். மெல்லிய குரலிற் பேசினார். "தம்பி, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எங்கட சனங்களில் ஒரு பகுதியார் உள்ளே போகக் கேட்டு இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்து பதினொரு வருஷம். நான் பதினாறு வயதுப் பொடியன், மாமாவோடு போய் நின்றேன். எந்தப் பக்கம் நின்றேன் என்று கேளும். உள்ளே நின்றேன்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. அந்த இளைஞரும் மறுத்துரைக்கவில்லை. சற்று நேரம் அனைவரும் அப்படியே நின்றோம்.

மௌனத்தைக் கலைத்தவர் எம்முடன் வந்த அம்மையார் ஒருவர். 1990ஆம் ஆண்டுகளிற் கோட்டைப் பகுதியிலுள்ள ஓர் அலுவலகத்திற் கடமையாற்றியவர். 1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கியிற் குண்டு வெடித்துப் பலர் மாண்டபின், கோட்டைப் பகுதியின் தெருக்கள் பல அடைக்கப்பட்டன. "இவ்விடத்துக்கு வருமுன் மூன்று தடவை பையைத் திறந்து காட்டுவேன். அடையாள அட்டை, பொலிசிற் பதிந்த துண்டு, இரண்டும் கையிலேயே இருக்கும். கொட்டாஞ்சேனை விலாசத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு கேள்வி. அப்போது எனக்குத் தெரியாது, ஒல்லாந்தன் வைத்த வாசலடியிலே தான் நிற்கிறேன் என்று" என்றார். கல்லால் ஆன வாசல் இருநூறு ஆண்டுகளின் முன் திறந்துவிட்டது. மணல் மூட்டையாலும் இரும்புத் தகட்டாலும் அதே எல்லையில் மீண்டும் ஒன்று எழுந்து, எம் காலத்திலேயே நீங்கிற்று. அந்த இரும்புத் தகடுகளில் ஒன்றைக்கூட எவரும் பேணி வைக்கவில்லை. அது நிகழ்ந்ததென்று பேரப்பிள்ளைகளுக்கு எதனைக் காட்டுவது என்று அவர் கேட்டது எமக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது.

யாம் துணிந்தது இதுவே: நம்மை அடைத்த வாசலென்றாலும், நாம் அடைத்த வாசலென்றாலும், அஃது இருந்த இடத்திலே இருந்தால் மறுக்க முடியாது. இல்லையெனில் இரு சாராரும் தத்தமக்கு ஏற்றபடி கதை சொல்லிக்கொள்வர். காலியிலே பழைய வாசலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கொம்பனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும் உள்ளன. புறத்தே ஆங்கில அரசின் முத்திரை. பின் வந்தவன் முன்னவனுடையதைச் செதுக்கி எறியவில்லை. அதனாற்றான் இரண்டையும் இன்று படிக்க முடிகிறது.

பேணும் முறையைப் பற்றியும் எமக்கு ஒரு கருத்துண்டு. வாசலைப் பேணுவதிற் சிறந்த முறை அதனூடாக நடப்பதே. தரங்கம்பாடியில் 1792இல் டேனியர் எடுத்த நகர வாசல் இன்றும் அவ்வூர் வீதியின் மேலேயே நிற்கிறது. துவிச்சக்கர வண்டியும் மோட்டார் வண்டியும் மீன்கூடைக்காரியும் அதனூடாகவே ஊருக்குள் நுழைகின்றனர். டெல்ப்ட் வாசல் நன்றாகப் பேணப்பட்டுள்ளது. ஆனால் அதனூடாக நகரம் நடப்பதில்லை. முதலை வாசலிலோ நகரம் முழுவதும் நடக்கிறது. வாசலைக் காணோம். இரண்டையும் ஒரே காலையிற் பார்த்தோர்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஆதலால் எமது மன்றத்து இளைஞர்கள், புறப்படும்போதும் மீளும்போதும், பழைய கோட்டைக்குள் அடி வைப்போராய் அந்த வளைவின் கீழ் ஒவ்வொருவராக நுழைந்து வெளிவந்தனர். காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார். நெடுந்தீவு இளைஞர் மட்டும் இரண்டு முறை நுழைந்தார்.

வெயில் ஏறவே திரும்பினோம். பிரதான வீதி வழியே மீண்டும் முதலை வாசலை அணுகியபோது, மணிக்கோபுரத்தின் நிழலில் இளநீர் விற்கும் முதியவர் ஒருவர் வண்டியை நிறுத்தியிருந்தார். பதினான்கு இளநீர் என்றதும் மகிழ்ந்து சீவத் தொடங்கினார். கேள்வி கேட்ட பாடசாலை மாணவன் அவரை விடவில்லை.

"ஐயா, இந்த இடத்துக்கு என்ன பெயர்?"

"கெய்மன் கேட்."

"கேட் எங்கே?"

முதியவர் கத்தியை நிறுத்தி, மணிக்கோபுரத்தைப் பார்த்தார். பின் தெருவின் மறுபுறத்தைப் பார்த்தார். "நான் வந்து நாற்பது வருஷம் தம்பி. கேட்டைக் காணவில்லை. பஸ் இங்கேதான் நிற்கும்" என்று கூறி, அடுத்த இளநீரை எடுத்தார்.